மேஜைக்குக் கீழே ஒரு ஐந்தாம் ஹென்றி: நடிகர் இயன் ஹோம், ஒரு நிகழ்வு ஆய்வு

1978இல் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் ‘ஏலியன்’ படப்பிடிப்பு. விண்கலத்தின் அறிவியல் அதிகாரி ஆஷ் மனிதன் அல்ல, மனித உருவிலுள்ள இயந்திரம் என்பது அம்பலமாகிவிட்டது. தீயணைப்பு உருளையால் அடித்ததில் அவன் தலை கழன்று தொங்குகிறது. அடுத்த காட்சியில் அந்தத் தலையை மேஜைமேல் நிறுத்தி, மின் இணைப்புக் கொடுத்துப் பேசவைக்க வேண்டும். இதற்காக நடிகரின் முகத்தை அச்செடுத்து லேடெக்ஸில் ஒரு தலை செய்திருந்தார்கள். லேடெக்ஸ் இறுகும்போது சுருங்கும்; இதுவும் சுருங்கியது. முகம் அவருடையதுதான், அளவுதான் அவருடையதாக இல்லை. சில ஷாட்டுகளுக்கு மட்டும் அதை வைத்து ஒப்பேற்றிவிட்டு, மீதிக்கு மேஜையில் ஓட்டை போட்டார்கள். நடிகர் கீழே மண்டியிட்டு அந்த ஓட்டை வழியே தலையை நீட்டினார். கழுத்தைச் சுற்றிலும் பால், பாஸ்தா, கேவியார், கண்ணாடிக் கோலிகள். இயந்திரத்தின் குடலும் குருதியும் அவைதான்.

மண்டியிட்டிருந்தவர் இயன் ஹோம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஷேக்ஸ்பியரின் நானூறாம் பிறந்த ஆண்டில், அவர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரே பருவத்தில் இளவரசர் ஹாலாகவும் ஐந்தாம் ஹென்றியாகவும் மூன்றாம் ரிச்சர்டாகவும் மேடையேறியவர். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் அந்த முதல் வரிசை நடிகர் பால் கொட்டிய மேஜைக்கு அடியில் வந்து சேர்ந்தது எப்படி? சினிமா கூப்பிட்டது, போனார் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் 1976இல் லண்டனின் ஆல்ட்விச் அரங்கில் நடந்ததில் இருக்கிறது.

மருத்துவமனை வளாகத்துப் பிள்ளை

இயன் ஹோம் கத்பர்ட் பிறந்தது 1931 செப்டம்பர் 12, எசெக்ஸ் மாவட்டத்தின் குட்மேஸ். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். தந்தை மனநல மருத்துவர். அங்கிருந்த வெஸ்ட் ஹாம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். மின்னதிர்ச்சி சிகிச்சையை இங்கிலாந்தில் தொடக்கத்திலேயே கையாண்டவர்களில் ஒருவர். தாய் செவிலியர். மேடைப் பெயரில் உள்ள ‘ஹோம்’ தாய்வழிக் குடும்பப் பெயர். அண்ணன் எரிக் 1943இல் புற்றுநோயில் இறந்தார். மனம் பிறழ்ந்தவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்த இடத்தில் வளர்ந்த பிள்ளை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு பாத்திரங்களில் இது திரும்பி வரும்.

1950இல் ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்தார். கட்டாய ராணுவச் சேவை குறுக்கிட்டதால் படிப்பு 1953இல்தான் முடிந்தது. 1954இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் ஈட்டி பிடித்து நிற்கும் வேலை. வசனம் இல்லை. ஆங்கில நாடகக் கம்பெனிகளில் பலருக்கும் இதுதான் முதல் படி. முன்னால் நடிப்பவரை நூறு இரவுகள் பின்னாலிருந்து பார்க்கலாம்; எந்த வரியில் அரங்கம் அமைதியாகிறது, எந்த வரியில் இருமத் தொடங்குகிறது என்று காது பழகும். ஐந்து ஆண்டுகளில் வரிசையின் முன்னால் வந்துவிட்டார். 1959இல் சார்ல்ஸ் லாட்டன் லியர் அரசராக நடித்தபோது அவருடைய கோமாளி ஹோம்தான். அதே பருவத்தில் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் பக் என்ற குறும்புத் தேவதை.

உயரம் சுமார் ஐந்தரை அடி. குரல் தெளிவானது, ஆனால் முழங்கும் குரல் அல்ல. அந்தக் கால ஆங்கில மேடையில் அரச வேடத்துக்கு இவை இரண்டும் குறைகள். இயக்குநர் பீட்டர் ஹால் 1960களின் தொடக்கத்தில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை அமைத்தபோது இந்தக் கணக்கு மாறியது. செய்யுளை இசைபோல நீட்டிப் பாடாமல், அந்தக் கணத்தில் தோன்றும் சிந்தனையாகப் பேச வேண்டும் என்பது ஹாலும் ஜான் பார்ட்டனும் வைத்த விதி. ஹோமின் குரலுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. 1963, 64இல் மேடையேறிய ‘ரோஜாப் போர்கள்’ என்ற ஷேக்ஸ்பியர் வரலாற்று நாடகத் தொகுப்பில் அவருடைய ரிச்சர்ட் கர்ஜிக்கும் அரக்கன் அல்ல. துடுக்கான பையன், நாற்காலி கிடைத்ததும் அதில் பொருந்தாமல் சிதைகிறான். ஐந்தாம் ஹென்றிக்கு 1965இல் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் விருது.

அதே 1965 ஜூனில் ஆல்ட்விச் அரங்கில் நாடக ஆசிரியர் ஹெரால்ட் பின்டரின் ‘த ஹோம்கமிங்’. ஹோமுக்கு லென்னி வேடம்: லண்டன் வீடொன்றின் இரண்டாம் மகன், பெண்களை வைத்துத் தொழில் செய்பவன், மரியாதையாகப் பேசியே மிரட்டுபவன். பின்டரின் வசனத்தில் ‘இடைநிறுத்தம்’ என்றும் ‘மௌனம்’ என்றும் தனித்தனியாக எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. இடைநிறுத்தத்தில் பாத்திரம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. மௌனத்தில் ஏதோ ஒன்று முடிந்துபோய்விட்டது. இரண்டையும் ஒரே நீளத்துக்கு ஓய்வாக எடுத்துக்கொள்ளும் நடிகர்கள்தான் பின்டரைச் சலிப்பாக்குகிறார்கள். ஹோமிடம் அந்தக் குழப்பம் கிடையாது. நாடகம் 1967 ஜனவரியில் பிராட்வே போனது. அவருக்கு டோனி விருது கிடைத்தது. 1973இல் ஹால் அதைப் படமாக எடுத்தபோதும் லென்னி அவர்தான். இடையில் 1968இல் வந்த ‘த போஃபர்ஸ் கன்’ படத்துக்கு, துணை நடிகருக்கான பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா.

1976: என்ன நடந்தது

ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி ஆல்ட்விச்சில் யூஜின் ஓ’நீலின் ‘த ஐஸ்மேன் கமெத்’ நாடகத்தை எடுத்தது. ஹோமுக்கு ஹிக்கி என்ற விற்பனையாளர் வேடம். ஒத்திகைகள் நடந்து முடிந்தன. திறப்பு இரவுக்கு முந்தைய முன்காட்சி ஒன்றில், நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. வேடம் வேறொருவருக்குப் போனது. அதன்பின் பதினேழு ஆண்டுகள், ஏறக்குறைய முழுவதுமாக, மேடையைத் தவிர்த்தார்.

ஏன் இந்த நாடகத்தில்? ஒருவருடைய நரம்பைச் சோதிப்பதற்கென்றே எழுதியதுபோன்ற வேடம் ஹிக்கி. வெட்டாமல் போட்டால் நாடகம் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதல் அங்கத்தில் பெரும்பகுதி, மதுக்கடையில் கிடப்பவர்கள் ஹிக்கி எப்போது வருவான் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். நடிகரோ அத்தனை நேரமும் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் அவர்தான் எல்லோரையும் தூக்கி நிறுத்தும் உற்சாகம். கடைசி அங்கத்தில் மனைவியைக் கொன்றதை ஒப்புக்கொள்ளும் பேச்சு, பக்கம் பக்கமாக. மேடையில் கூட்டம் இருந்தும் பற்றிக்கொள்ள ஒரு வரிகூட எதிரிலிருந்து வராது. செய்யுளாக இருந்தால் சந்தம் கை கொடுக்கும். இது ஒரே சொற்றொடரைச் சுற்றிச் சுற்றி வரும் உரைநடை. ஒரு திருப்பத்தில் தவறினால் மூன்று பக்கம் பின்னால் போய் விழ வேண்டியதுதான்.

மேடைப் பயம் என்றால் புதியவர்களுக்கு வரும் படபடப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேறு. அனுபவசாலிக்கு வரும் வகையில் வசனம் மறப்பதில்லை. மறந்துவிடுமோ என்று தன்னையே கவனிக்கத் தொடங்குவதுதான் கோளாறு. நன்கு பாடமான வரி, யோசிக்காமல் விட்டால் தானே வரும். அடுத்த சொல் எது என்று உள்ளே ஒருவன் எட்டிப் பார்த்தால் அந்த ஓட்டம் அறுந்துவிடும். இதயம் படபடக்கும், வாய் வறளும், எதிரில் நிற்பவரின் முகம் தூரமாகும். ஒருமுறை நேர்ந்தால் மறுநாள் அதே வரி வரும்போது உடல் முன்கூட்டியே அஞ்சும். 1960களில் லாரன்ஸ் ஒலிவியேவுக்கே இது வந்தது. ஒதெல்லோவாகத் தனியே நிற்கும் நேரங்களில், இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயைத் தன் கண்ணில் படும்படி பக்கத் திரையோரம் நிற்கச் சொன்னார். ஒலிவியே மேடையில் நின்றபடியே ஆண்டுக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். ஹோம் விலகினார். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் ஆங்கிலச் சினிமாவுக்கு லாபம் கிடைத்தது ஹோம் விலகியதால்தான்.

கேமரா ஏன் ஒத்துவந்தது

சினிமாவில் வேலை துண்டு துண்டாக வரும். அன்றைக்கு வேண்டிய வசனம் இரண்டு பக்கம் தாண்டாது. தவறினால் ‘கட்’, மறுபடி எடுப்பார்கள். மேடையில் தலைக்கு மேல் தொங்கும் ‘நிறுத்தவே முடியாது’ என்ற கத்தி இங்கே இல்லை. ஹோம் இந்தச் சலுகையைப் பாதுகாப்புக்காக மட்டும் பயன்படுத்தவில்லை என்பதுதான் சுவையான விஷயம். ஒவ்வொரு டேக்கிலும் வேண்டுமென்றே வேறு மாதிரி செய்வது அவர் பழக்கம் என்று ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் சொல்லியிருக்கிறார். அழுத்தம், வேகம், எங்கே பார்ப்பது எல்லாம் மாறும். எடிட்டர் மேஜைக்கு ஒரே காட்சியின் பல பதிப்புகள் போய்ச் சேரும். மேடையில் ஒரே வடிவத்தை நூறு இரவுகள் காப்பாற்ற வேண்டும். அதுதான் அவரை முறித்தது. இங்கே காப்பாற்றவே வேண்டாம்.

‘ஏலியன்’ படத்தை முடிவு தெரிந்தபின் இரண்டாம் முறை பார்த்தால் அவர் வேலை புரியும். ஆஷ் இயந்திரம் என்பதைக் காட்ட எந்த விறைப்பும் இல்லை. தொற்று விதியை மீறிக் கதவைத் திறந்துவிட்டுவிட்டு, மனிதாபிமானத்தில் செய்ததுபோலப் பார்க்கிறார். இருக்கையில் உட்காருமுன் நின்ற இடத்திலேயே கால்களை உதறி ஓடுவதுபோல ஒரு விநோதமான அசைவு. மனித உடலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத ஒன்றின் செயல் அது. வெறி பிடிக்கும் முன் நெற்றியோரம் ஒரு துளி வெள்ளைத் திரவம். கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லாமல், மேஜைமேல் தலை மட்டுமாகப் பேசும் காட்சியிலும் குரலை உயர்த்தவில்லை. அங்கே பயமுறுத்துவது அந்த இதமான தொனிதான்.

புகழ் கொடுத்தது 1981இன் ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற ஹெரால்ட் ஏபிரகாம்ஸின் பயிற்சியாளர் சாம் முசபினி வேடம். சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் என்பதால் மைதானத்துக்குள் நுழைவு இல்லை. விடுதி அறை ஜன்னலோரம் நிற்கிறார். ஓட்டத்தைப் பார்க்க வழியில்லை. தேசிய கீதம் கேட்கிறது, கொடி ஏறுகிறது. உட்கார்ந்து, தன் வைக்கோல் தொப்பிக்குள் ஒரே குத்து. குணச்சித்திர நடிப்பின் கணக்கு இங்கே தெளிவாகத் தெரியும்: வெற்றி இன்னொருவருடையது, அதன் எடை எவ்வளவு என்று காட்டுவது மட்டும் இவர் வேலை. பாஃப்டாவும் கான் விழாவின் துணை நடிகர் விருதும் கிடைத்தன. ஆஸ்கர் பரிந்துரையோடு நின்றது, அந்த ஆண்டு ஜான் கில்குட் வென்றார். எங்கள் கணிப்பில் முசபினியைவிட ஆஷ் கடினமான வேலை. தொப்பியைக் குத்தினால் பார்ப்பவர் கண்ணில் தானாக நீர் வரும். ஆஷுக்கு அப்படி ஒரு கைப்பிடியே எழுதப்படவில்லை.

உயரக் குறையையும் தொழிலாக்கிக்கொண்டார். நெப்போலியனாக மூன்று முறை நடித்தார்: 1974இன் தொலைக்காட்சித் தொடர், 1981இன் ‘டைம் பேண்டிட்ஸ்’, 2001இன் ‘த எம்பரர்ஸ் நியூ க்ளோத்ஸ்’. நடுவிலுள்ளதில் குள்ளமான தளபதிகளின் உயரத்தைப் பட்டியலிட்டுப் புலம்பும் கோமாளி நெப்போலியன்; கடைசிப் படத்தில் தப்பி வந்து பழம் விற்பவர்களோடு சேரும் களைத்த நெப்போலியன்.

மருத்துவமனை வளாகம் திரும்பி வந்த இடங்கள் இரண்டு. 1994இன் ‘த மேட்னஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்’ படத்தில் டாக்டர் வில்லிஸ், அரசரையே நாற்காலியில் கட்டிவைத்து வழிக்குக் கொண்டுவரும் மனநோய் வைத்தியர். 2004இன் ‘கார்டன் ஸ்டேட்’ படத்தில் மகனுக்குச் சிறு வயது முதல் மருந்து கொடுத்து அவனை மரத்துப்போகச் செய்த மனநல மருத்துவத் தந்தை. இரண்டு பேரையும் அவர் கொடியவர்களாக்கவில்லை. தான் செய்வது நோயாளியின் நன்மைக்கே என்ற உறுதி இருவரிடமும் உண்டு. பார்ப்பவர் நெளிவது அதனால்தான்.

திரும்பிய வழி

1993இல் பின்டர் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு முழுநீள நாடகம் ஒன்று எழுதினார்: ‘மூன்லைட்’. லண்டனின் அல்மீடா அரங்கு, சுமார் முந்நூறு இருக்கை. ஹோமுக்குச் சாகக் கிடக்கும் ஆண்டி வேடம். இந்த ஏற்பாட்டை மேடைப் பயத்துக்கான சிகிச்சைத் திட்டம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஒன்று எழுதினால் இப்படித்தான் இருக்கும். நாடகம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இடைவேளை இல்லை. ஆண்டி கட்டிலில் கிடப்பவன், ஆகவே நுழைவுக்காகத் திரைக்குப் பின்னால் காத்து நிற்கும் கொடுமை இல்லை. பக்கத்திலேயே பூத்தையல் போட்டுக்கொண்டு மனைவி இருப்பாள், பேச்சு அவளைப் பார்த்து. அரங்கு சிறியது, குரலைத் தள்ள வேண்டியதில்லை. வசனமோ இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தன் வாய்க்குப் பழகிய ஆசிரியருடையது. ஹிக்கி வேடத்தில் எவையெல்லாம் எதிரியோ அவை அனைத்தும் இங்கே தலைகீழ். அந்த ஆண்டின் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் விருது அவருக்கு வந்தது.

அடுத்த படி 1994இல் ‘லேண்ட்ஸ்கேப்’: இரண்டே பேர், ஒரு சமையலறை, எதிரில் அப்போதைய மனைவி பெனலபி வில்டன், இயக்கம் பின்டர். அதன் பிறகுதான் மலை. 1997இல் நேஷனல் தியேட்டரில் ரிச்சர்ட் அயர் இயக்கிய ‘லியர் அரசர்’. அங்கும் பெரிய அரங்கைத் தேர்ந்தெடுக்கவில்லை, மூன்றில் மிகச் சிறியதான காட்டஸ்லோ. 65 வயது லியர் புயல் காட்சியில் ஆடை முழுவதையும் களைந்து நின்றார். முதல் காட்சியில் சாட்டையாய்ச் சொடுக்கிய அதே சிறிய உடல், இப்போது நனைந்த கோழிக்குஞ்சு. லியர் வேடத்தில் பலர் தவறும் இடம் தொடக்கம்தான்: முதலிலேயே பரிதாபக் கிழவராக வந்துவிடுவார்கள், பின்னால் சரிய இடமிருக்காது. ஹோமின் லியர் முதலில் வெறுக்கத்தக்க வீட்டுச் சர்வாதிகாரி. 1998இல் ஒலிவியே விருது; அதே ஆண்டு சர் பட்டம்.

அதே 1997இல் ஆட்டம் எகோயனின் ‘த ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’. சினிமாவில் அவருக்கு அரிதாகக் கிடைத்த முதன்மை வேடம்: பள்ளிப் பேருந்து உறைந்த ஏரியில் மூழ்கிப் பிள்ளைகளை இழந்த ஊரில், வழக்குப் போட வைக்க வீடு வீடாகப் பேசும் வக்கீல். விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஒரு கதை சொல்கிறார். மகள் குழந்தையாக இருந்தபோது சிலந்தி கடித்துத் தொண்டை வீங்கியது. மூச்சடைத்தால் அறுக்கக் கத்தியைத் தயாராகப் பிடித்தபடி, அவளைப் பாட்டுப் பாடி அமைதிப்படுத்திக்கொண்டே மருத்துவமனைக்குப் போன பயணம். பிறருக்கு நம்பிக்கை விற்பவன், கடைசியில் தன் வீட்டுக் கதையைக் கொட்டும் நீண்ட பேச்சு. ஹிக்கியின் பேச்சும் இதே வார்ப்புதான். அன்று முடியாமல் போனது, க்ளோஸ்-அப்பில், அடங்கிய குரலில் முடிந்தது.

ஒரே வீட்டுக்குள் வேறு கதவு வழியே

இந்த வாழ்க்கையில் ஒரு வினோதம்: இளையவராக நடித்த கதைக்கே மூத்தவராகத் திரும்பியது. 1959இல் கோமாளி, 1997இல் லியர். 1965இல் மகன் லென்னி, 2001இல் டப்ளின் கேட் அரங்கின் தயாரிப்பில் தகப்பன் மாக்ஸ். மேடையில் ஐந்தாம் ஹென்றி, 1989இன் படத்தில் அவருடைய வெல்ஷ் தளபதி ஃப்ளூயெலன். 1981இல் பிபிசி வானொலியின் 26 பகுதி ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ தொடரில் நாயகன் ஃப்ரோடோ, 2001இல் அதே கதையின் ஜாக்சன் படத்தில் ஃப்ரோடோவின் பெரியவர் பில்போ.

பில்போவின் வேலை கேமரா தந்திரத்துக்குள் அடைபட்டது. ஹாபிட் என்ற குள்ள இனத்தவரான பில்போ சிறியவர், மந்திரவாதி காண்டால்ஃப் பெரியவர். ஒரே வீட்டை இரண்டு அளவில் கட்டினார்கள். இருவரும் ஒரே மேஜையில் தேநீர் குடிக்கும் ஷாட்டில் மேஜை இரண்டு துண்டு: காண்டால்ஃபின் பாதி கேமராவுக்கு அருகில், பில்போவின் பாதி தள்ளி. கேமரா நகர்ந்தால் துண்டுகளும் அதற்கேற்ப நகர வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு வெளிப்படும். நடிகர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கக் கூடாது; எதிராளி இருப்பதாகத் தோன்றும் வெற்றிடத்தைப் பார்த்து நடிக்க வேண்டும். பின்டரின் நாடகங்களில் பேசுபவர் முகத்தைப் பார்க்காமலே அவரை அடிக்கப் பழகியவருக்கு இது பெரிய துன்பமில்லை. 1992இல் ‘த பாரோவர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் தரைப் பலகைக்குக் கீழே குடியிருக்கும் விரலளவு மனிதராக நடித்த பயிற்சியும் கையில் இருந்தது.

‘த ஹாபிட்’ படங்களுக்காக மறுபடி அழைத்தபோது பார்க்கின்சன் நோய் வந்திருந்தது. நியூசிலாந்து பயணம் முடியாது, வசனம் நினைவில் நிற்காது. ஜாக்சன் லண்டனில் சிறு குழுவோடு, சிறிது சிறிதாகப் படம்பிடித்து, எடிட்டிங்கில் தைத்தார். 2020 ஜூன் 19 அன்று லண்டன் மருத்துவமனையில் ஹோம் இறந்தார். வயது 88.

2024இல் ‘ஏலியன்: ரோமுலஸ்’ படத்துக்காக அவர் குடும்பத்தின் இசைவோடு அதே முகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ரூக் என்ற பெயரில், உடம்பு பாதியாகக் கிழிந்த இயந்திரம். பில்போவுக்காக எடுத்து வைத்திருந்த தலை அச்சிலிருந்து பொம்மை செய்தார்கள். முகபாவமும் குரலும் டேனியல் பெட்ஸ் என்ற நடிகருடையவை. அவற்றைக் கணினி வழியே பொம்மை முகத்தின்மேல் ஏற்றினார்கள். திரையரங்கில் பார்த்தவர்கள் பலர் வாயசைவு ஒட்டவில்லை என்று குறை சொன்னார்கள். வீட்டுத் திரைக்கான பதிப்பில் கணினி வேலையைக் குறைத்துப் பொம்மையைக் கூடுதலாகக் காட்டினார்கள். 1979 படத்தை இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், சுருங்கிய லேடெக்ஸ் தலையை நிமிர்த்தி வைக்கும் ஷாட்டும், அடுத்த வெட்டில் கண் திறக்கும் தலையும் தனித்தனியாகத் தெரியும். அந்த வெட்டில் ரூக்குக்குக் கிடைக்காத ஒன்று ஆஷுக்குக் கிடைத்தது: மேஜைக்கு அடியில் மண்டியிட ஆள்.